வெர்னா இரவல் வாங்கிய துப்பாக்கி

வெர்னாவுக்கு மான் சுட வராது என்பது சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரியும். வராது என்பதுகூடச் சரியில்லை. மனசு வராது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ரோட்டில் மான் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது யோசித்து யோசித்துக் கடக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரம். உதிர்ந்த பழத்தை அள்ளவே மாட்டாள், மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆர்வோவின் வீட்டுக்குப் போய், "உன் துப்பாக்கியைக் கொஞ்சம் இரவல் குடுடா, மான் சுடப் போறேன்" என்றாள். பொய் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா?

ஆனால் அந்த ஊரில் அதைக் கேட்க வேறு வழி கிடையாது. ஏணி இரவல் கேட்பார்கள், படகு இரவல் கேட்பார்கள், நவம்பர் வந்தால் துப்பாக்கியும் கேட்பார்கள். கேட்டவரிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் இல்லை. 'நீ உன்னையே சுட்டுக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது, அதைக் கொடுத்துவிடு' என்று கேட்கிற வழக்கமும் இல்லை. வெர்னாவுக்கு அந்தப் பயம்தான். மானாவது மண்ணாவது.

ஆர்வோவின் மனைவி டெல்லா ஜூனில் நோயில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அழுதான், சாப்பிட்டான், வேலைக்குப் போனான். காலம் ஆற்றிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், வெர்னாவும் நம்பினாள். அக்டோபரில் ஒரு நாள் பக்கத்து வீட்டு மார்வின் மளிகைக் கடையில் அவளைப் பார்த்து, "உன் தம்பிக்குப் பெரிய மனசு. பனி தள்ளுற மிஷினைச் சும்மாவே எனக்குக் குடுத்துட்டான்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். ஜன்னல் உயரத்துக்குப் பனி ஏறுகிற ஊர் அது. அந்த மிஷின் இல்லாவிட்டால் வாசல் கதவைத் திறக்க முடியாது. குளிர்காலத்துக்கு முன்னால் அதைத் தூக்கிக் கொடுக்கிறவன், குளிர்காலத்தைப் பார்க்கிற எண்ணத்தில் இல்லை.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி, அப்பாவுடையது. அது எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு வியர்க்கும், வியர்த்தால் துரு ஏறும். அதனால் பூட்டுப்போட்ட அலமாரி கூடத்தில் கம்பீரமாக நிற்க, துப்பாக்கி மட்டும் நவம்பர் முழுக்கக் கணப்பில்லாத பின்கட்டில், பனிக் காலணிகளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். அந்த ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இப்படித்தான். இரும்புக்குத் துருப் பிடிக்கக் கூடாதாம், மனுஷன் எப்படிப் போனாலும் சரியாம். கேட்டால், "காலியாத்தான் இருக்கு" என்பார்கள்.

எல்லியட் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். இரண்டாம் வகுப்புப் பையன். பேருந்தில் வெர்னாவுக்கு நேர் பின் இருக்கை. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் இறங்கும்போது, "நாளைக்கு என் இடத்துல யாரையும் உட்கார விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். காலணியைக் கழற்றப் பின்கட்டுக்குப் போனவன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்துப் பார்த்திருக்கிறான். காலியாக இல்லை. அந்த இருக்கையில் வெர்னா அதற்குப் பிறகு யாரையும் உட்கார விடவில்லை.

அதன் பிறகுதான் அவள் மாநிலத்தின் தென்பாதிக்குப் போகிற பெரிய பாலத்தைத் தாண்டி, தலைநகர் லான்சிங்குக்குப் போனாள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சட்டம் வேண்டும் என்று சட்டமன்றக் குழு முன்னால் பேசினாள். பின்கட்டைப் பற்றியும் வியர்வையைப் பற்றியும் சொன்னாள். ஊர் அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. ஆர்வோ எல்லோருக்கும் மேலே போய், "பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க முன்னாடி நம்ம மானத்தைக் கப்பலேத்திட்ட. இனிமே என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்றான். ஒரு வருஷம் பேசவில்லை. டெல்லாதான் இரண்டு பேருக்கும் நடுவில், மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடிய பேஸ்டியைச் சுட்டுக் கொடுத்தனுப்பி உறவைக் கட்டிக் காத்தாள்.

சட்டம் வந்தது. எல்லியட் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு வந்தது. பிள்ளையில்லாத ஆர்வோவின் பின்கட்டுக்கு அது எட்டவில்லை. ஆபத்தில் இருக்கிறவரிடமிருந்து துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வாங்கி வைக்கச் சொல்லி நீதிபதியிடம் குடும்பத்தார் கேட்கலாம் என்று இன்னொரு சட்டமும் வந்திருந்தது. அதற்காகவும் அவள்தான் தொண்டை கிழியப் பேசியிருந்தாள். இப்போது தன் தம்பி பெயரைச் சொல்லி அந்தப் படியேற வேண்டும் என்றபோது கால் வரவில்லை. முதலில் கேட்டுப் பார்ப்போம், கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை நீதிமன்றம் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள்.

ஆர்வோ சமையலறை மேசையில் கைகளை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் கூடியது.

"யாருக்கு அக்கா காதுல பூ சுத்துற?"

"நிஜமாத்தான்டா. அறுபது ஆகப் போகுது. ஒரு மான்கூடச் சுடாம செத்தா ஊர் சிரிக்கும்."

செத்தால் என்ற வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்பத் திருப்பித் தருவ?"

"மான் கிடைச்சதும்."

அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். டெல்லாவின் சிவப்புக் காலணிகளை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அதிலிருந்து தோட்டாக்களைக் கழற்றினான். காலியாகத்தான் இருக்கிறது என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

"ரெண்டையும் சேர்த்து வைக்காதே. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நீ."

"இன்னொண்ணு இருக்கு. நான் கத்துக்கறவங்களுக்கான உரிமம்தான் வாங்கியிருக்கேன். விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துலயே உட்காரணுமாம். சட்டம்."

"உனக்குத்தான் சட்டம்னா உயிராச்சே" என்றான். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

பருவத்தின் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. அவர்கள் அப்பாவின் பழைய பலகைக் குடிலில், காட்டு ஓரத்தில், ஆரஞ்சு நிற மேலங்கியோடு உட்கார்ந்தார்கள். காலடியில் சின்ன அடுப்பு, நடுவில் காப்பி பிளாஸ்க். துப்பாக்கி வெர்னாவின் மடியில். பனி சத்தமில்லாமல் விழுந்தது. மரம் எது, வானம் எது, ஏரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. எங்கோ தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்கும், பிறகு அதையும் பனி மூடிவிடும்.

வெர்னா கண்ணயர்ந்தாள். பேருந்து ஏரியின் உறைந்த முகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்குச் சத்தமே இல்லை. பின் இருக்கையில் எல்லியட் உட்கார்ந்து ஆப்பிள் தின்றான். டெல்லா சிவப்புக் காலணிகளோடு ஜன்னலோரமாக இருந்தாள். அடுத்த நிறுத்தம் எது என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டுகிறவளுக்கும் தெரியவில்லை. ஆர்வோ மட்டும் வண்டியில் இல்லை என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான், அவளுடைய பேஸ்டியில் பாதியைத் தின்றுவிட்டு.

"குறட்டை விட்டா மான் வராது" என்றான்.

வெர்னாவுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"ஆர்வோ, நீ அன்னைக்கு இதைக் குடுக்கலைன்னா மறுநாளே நீதிபதிகிட்ட போயிருப்பேன்."

"தெரியும்."

"கோபம் வந்திருக்குமா?"

அவன் பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வந்திருக்கும். ஆனா கோபப்பட நான் இருந்திருப்பேன்ல" என்றான். பிறகு மெதுவாக டெல்லாவைப் பற்றிப் பேசத் தொடங்கினான். கடைசி வாரத்தில் அவள் என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், அவள் போன பிறகு பின்கட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் தன் கை எங்கே போயிற்று என்பது வரைக்கும் சொன்னான். இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். மான் வந்திருந்தால் இரண்டு பேருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பருவம் மானில்லாமலே முடிந்தது. வெர்னா தன் பின்கட்டிலேயே, சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தாள். அங்கே குளிர்தான், வியர்க்கவும் இல்லை, துருவும் ஏறவில்லை. டிசம்பரில் பெரிய பனி வந்தபோது ஆர்வோ மார்வினிடம் போய், "அந்த மிஷினைத் திருப்பிக் குடுங்க, வாசல்ல பனி" என்றான். மார்வின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார். அதைக் கேட்டு வெர்னா அன்றைக்குப் பேருந்தில் பாட்டே பாடினாள். ஆர்வோ வாரம் ஒரு முறை மனநல மருத்துவரிடமும் போகத் தொடங்கினான். முதல் சில தடவை அவள்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனாள். துப்பாக்கியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் பேச்சை எடுக்கவில்லை.

மறு வருஷம் நவம்பரில் மறுபடி குடில், மறுபடி பனி. இந்தத் தடவை மூன்றாம் நாள் காலையில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு ஆண்மான் வந்து நின்றது. கொம்பெல்லாம் வெண்பனி. இவ்வளவு கிட்டத்தில் ஒரு மான் நிற்பதை வெர்னா பேருந்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. அது அவளையே பார்த்தது.

மான் கிடைத்ததும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். சுட்டால் திருப்பித் தர வேண்டும். தம்பி தேறியிருக்கிறான்தான், ஆனால் முழுசாகவா? யார் சொல்ல முடியும்? சுடாமல் விட்டால், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் உன்னை இன்னும் நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தாள். கடவுளே, இது என்ன சோதனை என்று நினைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

பக்கத்தில் ஆர்வோ தும்மினான். தும்மல் என்றால் காடே அதிர்கிற தும்மல். கண்ணைத் திறந்தால் மானைக் காணோம். அது நின்ற இடத்தில் பனித்தூள் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு மூக்கிலும் ஒன்றும் இல்லை, தொண்டையிலும் ஒன்றும் இல்லை. காப்பியை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"போச்சு பாரு. இந்த வருஷமும் உனக்குக் குடுத்து வைக்கல. துப்பாக்கி உன்கிட்டயே இருக்கட்டும்."

வெர்னா அவன் முகத்தைப் பார்த்தாள். "அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் எனக்குச் சளி பிடிக்கும் அக்கா" என்றான் ஆர்வோ.