இருபத்தாறு நாள் மாதம்

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தையல் கம்பெனியில் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவள் ‘காலர் அக்கா’. ஆனால் பக்கத்து மிஷின் பட்டன்காரியை யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், அக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பட்டன்காரி சிரித்தாலும் பொறுக்காது, புதுச் செருப்புப் போட்டு வந்தாலும் பொறுக்காது.

இந்த லட்சணத்தில் சூப்பர்வைசர் வேலை காலியானது. இருபத்துநான்கு மாத அனுபவம் வேண்டும். அங்கே மாதம் என்றால் காலண்டர் மாதம் இல்லை. வேலைக்கு வந்த நாட்களைக் கூட்டி இருபத்தாறால் வகுப்பார்கள். ஞாயிறு போக மிஞ்சுவது அவ்வளவுதானே. பட்டன்காரி வந்தது அறுநூற்று இருபத்துநான்கு நாள். வகுத்தால் கச்சிதமாக இருபத்துநான்கு மாதம். அக்காவுக்கு எழுநூறு நாள் இருந்தது. இருந்து என்ன, மேனேஜர் மனசு பட்டன்காரி பக்கம்தான் சாய்ந்தது.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் சாக்பீஸால் மேஜையிலேயே ஒரு கணக்குப் போட்டாள். முகம் மலர்ந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“எந்த ஊர்ல சார் மாசத்துக்கு இருபத்தாறு நாள்? முப்பதால வகுத்துப் பாருங்க. அவளுக்கு இருபத்தோரு மாசம்கூட வரல.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “நீங்க சொல்றதும் நியாயந்தாம்மா. எல்லாருக்கும் முப்பதாலேயே வகுத்துடலாம்.”

எல்லாருக்குமா? அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் தன் நாட்களை அவள் வகுத்தே பார்க்கவில்லை. மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார்.

“உங்களுக்கும் இருபத்துமூணு மாசம், பத்து நாள்தான் வருது. இருபது நாள் குறையுதே.”

“பழைய கணக்குப்படி பார்த்தா...”

“இப்பத்தானேம்மா முப்பதுன்னு சொன்னீங்க?”

வேலை யாருக்குப் போயிற்று தெரியுமா? இஸ்திரி மேஜையில் நின்றபடியே தூங்கும் ‘கொட்டாவி’ அண்ணனுக்கு. வீட்டில் மனைவிக்குப் பயந்து ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன். முப்பதால் வகுத்தும் தேறிய ஒரே ஆள் அவர்தான்.

விஷயம் சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. பட்டன்காரி சண்டைக்கு வருவாள், நாலு வார்த்தை நறுக்கென்று கொடுக்கலாம் என்று அக்கா தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“விடுங்கக்கா. உங்களுக்கு இன்னும் இருபது நாள்தானே? அடுத்த தடவை நீங்கதான் சூப்பர்வைசர். எனக்குத்தான் மூணு மாசத்துக்கு மேல ஆகும்.”

அக்கா அந்த முகத்தில் குத்தலைத் தேடினாள். மருந்துக்குக்கூட இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பாவி, இந்த மனசையும் அவளே வைத்திருக்கிறாளே என்று நினைத்தபோது எரிந்த எரிச்சலுக்கு முன்னால், இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.