சஷ்டி விரதத்தில் நான் அழித்த பட்டியல்

அன்று திங்கட்கிழமை. கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள். காலையில் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு போன நான், மத்தியானம் எழுபதுக்கும் மேற்பட்ட முதியவர்களின் விபரங்களைக் கணினியிலிருந்து அழித்துவிட்டேன்.

முருகன் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம்தான். ஆனாலும் சொல்லவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

என் பெயர் வாசுகி. லண்டனில், இல்ஃபோர்ட்டில், கணவரோடும் இரண்டு மகள்மாரோடும் இருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நாற்பது வயதில், தகவல் முறைமைகள் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். ஓர் அமைப்புக்கு என்னென்ன விபரம் தேவை, அதை எப்படிச் சேர்த்து வைப்பது, எப்படிப் பாதுகாப்பது என்று படிக்கிற படிப்பு. இறுதி வருடத்தில் ஒரு செயற்திட்டம் செய்யவேண்டும். என்னோடு சேர்ந்தவள் நிவேதா. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த பிள்ளை. எங்கள் தமிழ் முதியோர் பகல்நேர நிலையத்துக்கு ஒரு புதிய கணினிப் பட்டியல் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம்.

உண்மையான ஆட்களின் விபரத்தைத் தொடக்கூடாது, கற்பனைப் பெயர்களை வைத்துத்தான் பரிசோதிக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கையெழுத்தும் வைத்திருந்தேன். ஆனால் எனக்கு அவசரம். உண்மையான பட்டியலிலிருந்தே ஒரு நகல் எடுத்துப் பரிசோதித்தேன். நகல் என்று நினைத்துத்தான் அழித்தேன். அழிந்தது அசல்.

நிவேதாதான் தேடி, வசந்த காலத்தில் யாரோ எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இதைத் திருப்பிப் போட்டுடலாம். பட்டியல் நிறைஞ்சு இருக்கும். யாருக்கும் தெரியாது."

"அதுக்குப் பிறகு சேர்ந்த ஆக்கள்? மருந்து மாத்தின ஆக்கள்?"

"வர்றப்ப ஒவ்வொருத்தரா கேட்டு நாமளே ஏத்திக்கலாம். சொன்னா நம்ம டிகிரியே போயிடும் அக்கா."

நான் ஓம் என்றேன். இரண்டு நிமிட வேலை. திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

அன்று பின்னேரம் கோயிலுக்குப் போனேன். "முருகா, ஒருத்தரும் கண்டுபிடிக்கக்கூடாது" என்று கும்பிட்டேன். சுற்றி நின்றவர்கள் அரோகரா சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. கையில் கட்டியிருந்த காப்பு நூல் உறுத்தியது. பூசை முடியமுன்னமே வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வகுப்புக்குப் போனேன், பாதியில் எழுந்து வந்தேன். ரயிலில் இல்ஃபோர்ட் வந்தது தெரியாமல் தாண்டிப்போய், இறங்கித் திரும்ப ஏறினேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சமைத்தேன். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். கணவர் கேட்டார்: "என்ன, விரதக் களையோ?" ஓம் என்றேன். அதுவும் பொய்.

திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. கோடையில் நான் அங்கே தொண்டு செய்தபோது ஒரு அம்மா, பெனிசிலின் தனக்கு ஒத்துவராது என்று சொன்னார். நான்தான் பதிந்தேன். யார் அந்த அம்மா? முகம் வருகிறது, பெயர் வரவில்லை. பழைய பிரதியில் அந்தக் குறிப்பு இல்லை. அந்த அம்மாவுக்கு ஏதாவது நடந்து, ஆம்புலன்ஸ்காரர் கேட்டு, நிலையத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொன்னால்?

சுவாமிப் படத்துக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன். அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. "முருகா, என்னைக் காப்பாத்த வேண்டாம். சொல்லுறதுக்கு வாயைத் தா. அவ்வளவு போதும்."

புதன் காலை நிலையத்துக்குப் போனேன். பொறுப்பாளர் கௌரி அக்கா அப்போதுதான் வந்திருந்தார், குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"திங்கட்கிழமை நடந்ததோ? ரெண்டு நாளா ஒண்டும் சொல்லேல்லை?"

"பயந்திட்டன் அக்கா."

"அழுறதைப் பிறகு பாப்பம். இதிலை இரும். எல்லாருக்கும் போன் எடும். புதுசாச் சேர்ந்த ஆக்களின்ரை நம்பர் என்ரை போனிலை இருக்கு. இருக்கிற இடம், மருந்து, ஆருக்கு அறிவிக்கிறது, எல்லாத்தையும் திரும்பக் கேளும். இண்டைக்கே முடிக்கவேணும்."

கொஞ்ச நேரத்தில் நிவேதா வந்து நின்றாள். காலையில் அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கோபமாக இருந்தாள். ஆனாலும் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பட்டியலில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

பெனிசிலின் அம்மா பதினோராவது அழைப்பில் கிடைத்தார். அவருடைய குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோரோடும் பேசிவிட்டோம். இராசையா ஐயா மட்டும் எடுக்கவில்லை. தனியாக இருப்பவர். திங்களும் வெள்ளியும்தான் நிலையத்துக்கு வருவார். அவருடைய கைத்தொலைபேசிக்கு மூன்று தரம் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பழைய பிரதியில் இருந்தது வட லண்டன் எட்மண்டனில் மகனுடைய வீட்டு விலாசம். மகன் கனடாவுக்குப் போனபிறகு ஐயா வீடு மாறிவிட்டார். புது விலாசம் நான் அழித்ததோடு போய்விட்டது.

முதியவர்களை ஏற்றி இறக்கும் வான் சாரதி குமார் அண்ணை எட்டிப் பார்த்தார். "எனக்கு அவற்றை வீடு தெரியும். பிளேஸ்டோவிலை. ஏறுங்கோ."

கௌரி அக்காவும் நானும் ஏறினோம். வழி நெடுக நான் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன்: முருகா, முருகா, முருகா. அது வேண்டுதலா, நடுக்கமா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திறப்பு இருந்தது. கதவைத் திறந்தோம். ஐயா குசினித் தரையில் கிடந்தார். விடியத் தேநீர் போட எழுந்து விழுந்தவர், அசைய முடியாமல் அதிலேயே கிடந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ பிள்ளையள்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வெள்ளி வரை கிடந்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று வைத்தியர் சொன்னார்.

அடியார்களே, நான் பட்டியலை அழித்தது முருகன் செயல் என்று சொல்லமாட்டேன். அது என் பிழை. என் அவசரம். ஆனால் எனக்கு வாய் தந்தது அவன். அந்த வாய் புதன்கிழமை திறந்திராவிட்டால், அந்த வீட்டில் தொலைபேசி அன்று அடித்திருக்காது.

பல்கலைக்கழகத்தில் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். செயற்திட்டம் தள்ளுபடியானது. ஆனால் நாங்களாகவே வந்து சொன்னதால் படிப்பை நிறுத்தவில்லை. கற்பனைப் பெயர்களோடு முதலிலிருந்து செய்து, ஒரு வருடம் பிந்திப் பட்டம் எடுத்தேன். நிலையத்தில் பல மாதங்களுக்குக் கௌரி அக்கா என்னைக் கணினிப் பக்கம் விடவில்லை. தேநீர் ஊற்றினேன். அதுவும் சரிதான். இன்று ஓர் அலுவலகத்தில் விபரங்களைப் பாதுகாக்கிற வேலை செய்கிறேன். பிழை நடந்தால் அந்த மணித்தியாலத்திலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன். பயம் போகவில்லை. பயத்தோடு சொல்லப் பழகிவிட்டேன்.

சூரசம்ஹாரத்துக்கு அடுத்த நாள் பாறணை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இராசையா ஐயா சாய்ந்து இருந்தார். என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் புதன்கிழமை வாறேல்லைத்தானே. அண்டைக்கு ஏன் எனக்குப் போன் எடுத்தனீங்கள்?"

"ஐயா, உங்கடை பேர், விலாசம் எல்லாத்தையும் நான் அழிச்சுப்போட்டன். திரும்பக் கேக்கத்தான் எடுத்தனான்."

அவர் கட்டிலில் கிடந்த கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப எழுதும் பிள்ளை. இராசையா. முழுப்பேர் சொல்லுறன்."

உங்களில் யாராவது எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு நிம்மதியில்லாமல் சன்னிதியில் நிற்கிறீர்களா? மறைத்துத் தா என்று கேட்காதீர்கள். சொல்ல வாயைத் தா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள். அவன் உங்களுக்கு முன்னே அங்கே போய் நிற்பான்.