ஒரே மேசையும் என் பத்தாவது பிறந்தநாளும்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப்போட்டிக்கு மற்றப் பிள்ளைகளெல்லாம் மரம் வளர்ப்போம், தண்ணீரைச் சேமிப்போம் என்று ஒழுங்கான தலைப்புகளாக எடுத்தார்கள். என் அப்பாவுக்கு அது காணாது. எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்த ஒரு கல்லூரித் தலைவரைத் தேடிப் பிடித்தார். கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் படித்து ஒரே மேசையில் சாப்பிடவேண்டும் என்று அடம்பிடித்த மனிதராம். அப்பா நான்கு பக்கம் எழுதித் தள்ளினார். அம்மா என்னைக் குசினிக் கதிரையில் ஏற்றி நிறுத்திப் பாடமாக்க வைத்தார். "ஒரே மேசை" என்று வரும் இடத்தில் இரண்டு கையையும் விரிக்கவேண்டும் என்பதும் அம்மாவின் ஏற்பாடுதான்.

போட்டிக்கு மறுநாள் எனக்குப் பத்தாவது பிறந்தநாள். ஸ்பிரிங்வேலிலிருந்து வரும் என் வகுப்புச் சிநேகிதி வராவிட்டால் அது பிறந்தநாளே இல்லை என்பது என் கட்சி. அம்மாவும் சம்மதித்திருந்தார். அதற்கிடையில் ஒரு சனிக்கிழமை, யாரைக் கண்டாலும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"பிள்ளை, உங்கட அம்மாவையள் ஊரில எவடம்?"

அவள் ஊரைச் சொன்னாள். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று அம்மா விடவில்லை. பாவி, அதையும் சொன்னாள். காரில் ஏறியதும், இந்தமுறை பிறந்தநாள் சொந்தக்காரரோடு மட்டும்தான் என்று அம்மா அறிவித்துவிட்டார். அம்மாவுக்குப் புவியியலில் அப்படியொரு பைத்தியம், இவள் ஏதோ பிழையான விடை சொல்லிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். மடைச்சி, சரியான விடையைப் படித்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று அவள்மேல் எனக்குப் பொல்லாத கோபம்.

போட்டியன்று இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் போனது. "ஒரே மேசை"க்குக் கையை விரித்தேன். அதோடு எல்லாம் மறந்துபோனது. முன்வரிசையில் அம்மா வாயை அசைத்துக் காட்டினார், ஒன்றும் விளங்கவில்லை. சும்மா இறங்க வெட்கமாக இருந்ததால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அவர் ஒரு பிள்ளையிட்டையும் ஊரில எவடம் எண்டு கேக்கேல்லை. எங்கட அம்மா கேக்கிறவா. என்ர சிநேகிதி பிழையாச் சொல்லிப்போட்டாள், அதால அவள் பேர்த்டேக்கு வரேலாது."

பின்னால் ஓர் அங்கிள் சிரிப்பை அடக்கப் போய்ப் பெரிதாக இருமினார். நடுவர்கள் மூவரும் மேசையில் எதையோ தேடத் தொடங்கினார்கள். அப்பா தான் எழுதிய நான்கு பக்கத்தையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பரிசு மரம் வளர்த்த பையனுக்குப் போனது.

கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் பார்த்தால் சிநேகிதி வாசலில் நிற்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய அம்மா மட்டும் உள்ளே வராமல், காரிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போன அம்மாவும் அந்தக் காருக்குள்ளேயே ஏறிக்கொண்டார். அப்பா அவசரப்பட்டு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டார். அது உருகுகிறது, ஆட்களைக் காணோம். பொறுமை கெட்டு ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தேன்.

அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சிநேகிதியின் அம்மா, அந்த அன்ரி, தேத்தண்ணியைத் தொடவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே றோட்டைப் பார்த்தபடி இருந்தார். கேக் முழுக்க மெழுகாகப் போகிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்று கத்தினேன். அன்ரி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார்.

அம்மா விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். சீனி போட மறந்துவிட்டார் போல என்று நினைத்து, நான் சீனிப் போத்தலை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினேன்.