மகள் பரீட்சை எழுதும்போது வாய் மூடி ஜெபித்தோம்

என் மகள் ஷைனி அந்தப் பரீட்சையில் ஒருமுறை தோற்றுவிட்டாள். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான சான்றிதழ் பரீட்சை. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தாள். இன்னொரு முறை தோற்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

நான் திற்பரப்புப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தேற்றிப் பேச வராது. மனைவி இறந்துபோனபோதும் வரவில்லை. ஜெபம் மட்டும் வரும். அதுவும் சத்தமாகத்தான். எங்கள் சபையில் எல்லாரும் அப்படித்தான்.

சில நாளில் அவளே எழுந்து படிக்க உட்கார்ந்தாள். பால் விடாத கட்டன் சாயா கொண்டு வைப்பேன். ஆறின பிறகு குடிப்பாள். கம்ப்யூட்டர் வெளிச்சம் அவள் முகத்தில் அசையும். தண்ணீருக்கு அடியில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கும்.

"புரியுதா மக்ளே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்பம் கொஞ்சம் பிடி கிடைக்குப்பா."

பரீட்சை ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் கவனிப்பார், அறையில் வேறு ஆள் கூடாது என்று சொல்லியிருந்தாள். அறைக்குள்தான் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை என்றால் ஜெபக்குழுவை வீட்டுக்கு அழைப்போம். நானும் அழைத்துவிட்டேன்.

முன்னறையில் முழங்கால் போட்டோம். குழுவை நடத்துகிற எஸ்தர் அக்கா ஆரம்பித்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டோம். கூரை ஓடு அதிர்ந்தது.

கதவு திறந்தது. ஷைனியின் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, சத்தம் கேட்டு பரீட்சைய நிறுத்தி வச்சிருக்காவ. இன்னொருக்க கேட்டா ரத்து பண்ணிருவாவ."

கதவு மூடியது.

எஸ்தர் அக்கா கையைப் பிசைந்தாள். "சத்தமில்லாம எப்பிடி தம்பி ஜெபிக்க?"

"கர்த்தருக்குக் காது நல்லா கேக்கும் எக்கா. கேமராக்காரனுக்குத்தான் கேக்கப்பிடாது" என்றான் குழுவிலிருந்த டிரைவர் வின்சென்ட்.

"ஏலே, மிண்டாம நட" என்று அவன் வாயை அடக்கி, எல்லாரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். சருகு நனைந்து கிடந்தது. அதில் முழங்கால் போட்டோம். நான் ஏற்பாடு செய்த ஜெபமே பிள்ளையைக் கெடுக்கப் பார்த்தது. வாய் திறக்காமல் நான் ஜெபித்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

மலையிலிருந்து மேகம் இறங்கியது. எங்கள் ஊரில் மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் இன்டர்நெட் போகும், பரீட்சையும் போகும். எரிந்துகொண்டிருந்த பின்வாசல் பல்பை மரங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை பெய்தது. யாரும் எழும்பவில்லை. மரங்களுக்கு இடையே மஞ்சு பனிப்புகையாய் நிறைந்து, பக்கத்தில் இருந்தவர்கள் நிழல் போல ஆனார்கள். ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டியிருக்கிற சிரட்டைகளில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். நான் வெகு தூரத்தில் எங்கோ இருப்பது போல இருந்தது. பயம் எப்போது போனது என்று தெரியாது. யாரோ என் அருகில் வந்து முழங்கால் போட்டது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பல்பு மங்கியது. சிவந்தது. பிறகு தெளிந்தது. அணையவே இல்லை.

பரீட்சை முடிந்து ஷைனி மழையில் நனைந்துகொண்டே வந்தாள். கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. எஸ்தர் அக்கா வாயைப் பொத்தியே இருந்தாள்.

"இனி எவ்வளவு வேணும்னாலும் சத்தம் போடுங்க" என்றாள் ஷைனி. "பாஸ்."

யாருக்கும் சத்தம் வரவில்லை. அவள் என் பக்கத்தில் சருகில் முழங்கால் போட்டாள். அவள் அம்மா போனபிறகு அவள் என்னோடு ஜெபிக்க உட்கார்ந்தது அன்றுதான்.

வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். ஆண்டவருக்கு நன்றி. இப்போது பால் வெட்டும்போது நான் அவரிடம் ஒன்றும் பேசுவதில்லை. அவரோடு நடக்கிறேன்.

என்னைப்போல் பேச்சு வராதவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்லுகிறேன். வார்த்தை கிடைக்கவில்லை என்று எழும்பிப் போய்விட வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.