வீடு வீடாகச் சொன்ன அறை இலக்கம்

மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் கடைக்குப் போய் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கி வந்தேன்.

பத்தொன்பது வயதில் அவளைப் பெற்றவள் நான். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியும் கம்பஸ் வாசலைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே அங்கே நடக்கக்கூடிய குற்றங்கள் எல்லாம் எனக்கு மிக நன்றாகத் தெரியும். பகிடிவதை, போன் களவு, பொய்க்காதல், பஸ்ஸில் பக்கத்து சீட் என்று கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மிளகாய்த்தூளைச் சின்னப் போத்தல் ஒன்றில் அடைத்து, முற்றத்தில் ஒத்திகையும் வைத்தேன்.

"உம்மா, காத்து உங்கட பக்கம் அடிக்கிது," என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் நான் கண்ணைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடிவிட்டேன். புத்தளத்துக் களப்புக் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் துஆவும் கேட்டு வருவது வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்வார்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் செய்வார்கள்.

"பஸ்ல ஒரு நாள் தூரம். அதுக்குமா பயணம் சொல்லணும்?" என்றாள் மகள்.

"நாலு பேர்ட துஆ உனக்குப் பாரமா?"

எங்கள் தில்லையடிப் பகுதியில் சொந்தம் என்று சொல்லக்கூடிய வீடு ஒன்றையும் விடவில்லை. போன இடமெல்லாம் தேத்தண்ணியும் கேள்வியும் ஒன்றாக வந்தன. எந்த ஹொஸ்டல்? எத்தனையாம் மாடி? எந்த ரூம்? லீவுக்கு எந்த பஸ்ஸில் வருவாள்? ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனை கண் அவளைப் பார்க்கும் என்பது என் கணக்கு. "அந்தப் பக்கம் ஆரும் போனா எங்கட பிள்ளையை ஒருக்காப் பாத்துக்கச் சொல்லுங்க மாமி," என்று அவளுடைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். வீஸிங் இருக்கிறது, குளிர் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். மகள் என் சீலை முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

போக முடியாத வீடுகளுக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடுதிக் கடிதத்தைப் படமெடுத்துப் போட்டேன். அந்தக் குழுவில் கட்டாரில் இருக்கும் சாச்சா முதல், யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத சில நம்பர்கள் வரை இருக்கின்றன.

"இனி ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்ல சொல்றது மட்டும்தான் மிச்சம்," என்றார் கணவர். நகைச்சுவை என்று தெரியாமல், அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அவள் போய் மூன்றாம் கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது.

"உம்மா, என்னப் பாக்க ஆரையும் அனுப்பினீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஒராள் கோல் எடுத்தார். வாப்பாட கூட்டாளியாம். நீங்க சாமான் தந்து விட்டீங்களாம். என்ட பேர், ரூம் நம்பர், எனக்கு வீஸிங் எண்டது, எல்லாம் சொல்றார். பின்பக்க கேட்டுக்கு வரட்டாம், தனிய."

"போகாதே" என்று கத்தினேன்.

"போகல்ல. செக்கியூரிட்டிட்ட வெச்சிட்டுப் போங்க எண்டன். உம்மா சமைச்ச சாப்பாடு, கையிலதான் தரணும் எண்டார். எங்கட உம்மா என்ன சமைச்சா எண்டு கேட்டன். கட் பண்ணிட்டார். திருப்பி எடுத்தா ஓஃப்."

கொப்பியின் எந்தப் பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. அதை அவளாகவே கேட்டிருக்கிறாள்.

"இப்ப வார்டன்ட ரூம்ல இருக்கன்," என்றாள். "என்ட விவரம் ஆருக்கெல்லாம் தெரியும் எண்டு கேக்கிறாங்க. நீங்க ஆருக்குச் சொன்னீங்க?"

"ஆருக்கும் இல்ல," என்றேன்.

படித்த, ஐவேளையும் தொழுகிற, பொய் சொன்னால் பிள்ளைகளைக் கண்டிக்கிற தாய் நான். மகள் மெதுவாகச் சொன்னாள்: "உம்மா, நானும்தானே கூட வந்தன்."

சொன்ன ஆட்களின் பட்டியலை எழுதி வார்டனுக்கு அனுப்பினேன். அந்தக் கொப்பியில் நான் எழுதியவற்றிலேயே நீளமானது அதுதான். யாரையும் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை, யாரையும் விட்டுவிடவும் தைரியமில்லை. அந்த ஆள் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் நானும் கணவரும் அதே வீடுகளுக்கு மறுபடி போனோம். நம்பரை அழித்துவிடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான். இரண்டாவது வீட்டிலேயே, அன்று நம்பர் எழுதிக் கொடுத்த மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"அல்லாஹ் பாதுகாப்பான். எத்தனை மாசம்?"

"மாமி, அப்படி ஒண்டும் இல்ல!"

"சரி சரி, நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

அஞ்சாவது வீட்டுக்கு நாங்கள் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது போலவும், அவள் யாரையோ விரும்பி அது குழம்பிவிட்டது போலவும் கதை வளர்ந்திருந்தது. திரும்பி வரும்போது கணவர் சிரித்தார். எனக்குத் திரீவீலுக்குள் அழுகை வந்தது.

மகள் ரூம் மாற்றிக்கொண்டாள், நம்பரும் மாற்றினாள். புது நம்பர் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்.

"இப்ப எந்த ரூம் மகள்?"

"சொல்ல மாட்டன்."

"நான் உன்ட உம்மா."

"அதுக்குத்தான். மாமி கேட்டா உங்களால சொல்லாம இருக்கேலாது. தெரியாட்டிச் சொல்லேலாதே."

கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நேற்று மாமி வந்து, தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சுற்றி வளைத்துக் கேட்டார், பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று. எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவே இல்லை.