மூன்றாம் கியரில் ஏறிய கார்

நான் ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்ததால் ஒரு வீட்டின் கதவு திறக்காமல் போனது. பனி இறங்கும் மாலைகளில் இப்போதும் அந்தக் கதவு நினைவுக்கு வரும். பண்டாரவளைக்கு வெளியே, தேயிலை மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது என் கராஜ். பனி மூடிவிட்டால் எதிர்ச்சரிவு தெரியாது, ரோடு தெரியாது. எந்த வண்டி எந்த முடக்கில் திரும்புகிறது என்பது மட்டும் தெரியும். லொறி மூச்சு வாங்கும், பஸ் முனகும், த்ரீவீலர் நுளம்பு மாதிரி எங்கோ ரீங்காரமிடும். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டபடி நிற்பேன். விழித்திருக்கிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு பொம்பளை எப்படி மெக்கானிக் ஆனாள் என்று கேட்காத ஆள் கிடையாது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரு வரிசை வீட்டில் பிறந்தேன். கொழும்பில் கார்மெண்டில் பதினோரு வருடம் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தேன். நூறு மெஷின் ஒன்றாக ஓடும்போது எது சரியில்லை என்று காது சொல்லிவிடும். பிறகு ஊருக்குத் திரும்பி, த்ரீவீலர் ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய வண்டியைக் கழற்றிப் பூட்டியதில் இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. ஊரில் என்னை ‘பாஸ் அக்கா’ என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் கைக்கு வந்த எந்த இஞ்சினையும் நான் அரைகுறையாகத் திருப்பி அனுப்பியதில்லை.

வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி நின்றுபோன அந்த வருடங்களில்தான் ஐயா தன் சின்ன இங்கிலீஷ் காரைக் கொண்டுவந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஹல்துமுல்லைக்கு மேலே, மலையில் ஒரு வீட்டில் மனைவியோடு இருந்தார். காருக்கு என்னைவிட வயது அதிகம். வாலில் நீலப் புகை, வயிற்றில் டக் டக் என்று ஓயாத சத்தம்.

“பிள்ளை, வீட்டுக்கு முன்னால கடைசி முடக்கு ஒண்டு இருக்கு. ஃபர்ஸ்ட் கியர் போடாமல் அதில ஏறாது. நடந்து வாற சனமே என்னை முந்திக்கொண்டு போகுது. வெக்கமாக் கிடக்கு.”

“விடுங்க ஐயா. தேர்ட் கியர்ல ஏற வைக்கிறேன், பாருங்க” என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் காருக்கென்று செய்த பிஸ்டன் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. உடைத்துப் போட்ட ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து நாலு பிஸ்டன் எடுத்தேன். அவற்றின் தலையைக் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது. பதுளையில் லேத் பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, பிஸ்டனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தங்கச்சி, இது கட்டாயக் கல்யாணம்!” என்று சிரித்துவிட்டுத்தான் மெஷினைப் போட்டார். மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரியின் ரோலரில் இருந்த பித்தளைப் புஷ்ஷைக் கடைந்து வால்வுக்கு வழி செய்தோம். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகட்டைச் செம்பில் நானே வெட்டினேன். கார்புரேட்டரும் அந்த வேனுடையதுதான். பதுளைக் காற்று கனம், மேலே அப்புத்தளைக் காற்று மெலிவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஒரே துளை இரண்டுக்கும் சரிவராது. துளையை ஈயத்தால் அடைப்பதும், ஊசிமுனையளவு திறப்பதும், மலையேறிப் பார்ப்பதும், மறுபடி அடைப்பதுமாக நாட்கள் போயின.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது. வால்வு அரைப்பது தியானம் மாதிரி. பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்ட வேண்டும். சர்ர்ர், சர்ர்ர். வெளியே பனி கதவடிக்கு வந்து நிற்கும். டீ ஆறிப்போயிருக்கும். யார் பெற்ற பிள்ளைகளையோ ஒரு வீட்டில் வைத்து வளர்ப்பது போல அந்தச் சாமான்களோடு பேசிக்கொண்டிருப்பேன். கியர் பெட்டியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அது கரகரவென்று முரண்டு பிடித்தாலும் ஓடியது.

மூன்று வாரத்தில் தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டார்ட் பண்ணினோம். அடேயப்பா! இஞ்சின் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று ஐயா குனிந்து கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் போன பிறகும் அந்த மெல்லிய சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஐயா திரும்பி வந்தார். தாடி மழிக்கவில்லை, சட்டை கசங்கியிருந்தது.

“கார் எப்படிங்க ஐயா?”

“கார் அருமை. ஆனால் பிள்ளை, அந்தப் பழைய சத்தத்தைத் திருப்பித் தர ஏலுமோ?”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “என்னங்க ஐயா, விளையாடுறீங்களா? மூணு வாரமா முதுகு ஒடிஞ்சு போச்சு எனக்கு!” என்று கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். “மனுசிக்கு ரெண்டு வருசமா ஞாபகம் போய்க்கொண்டிருக்கு. என்ர முகத்தைப் பாத்தால் ஆரெண்டு தெரியாது. ஆனால் கார்ச் சத்தம் கேட்டால் ஓடிவந்து கதவைத் திறப்பா. அவவாத் திறந்தால்தான் நான் அவவின்ர மனுசன். இப்ப சத்தம் கேக்கேல்லை, திறக்கேல்லை. பின்வழியால உள்ள போனால் கள்ளன் எண்டு குளறுறா. கார் இங்க நிண்ட மூண்டு கிழமையும் வேலைக்கு வாற பிள்ளையைத் துணைக்கு விட்டிட்டு, பண்டாரவளையில ஒரு அறையில கிடந்தன். இப்ப ரெண்டு ராத்திரி காருக்குள்ளதான் படுத்தன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கத்திய வாயை அப்படியே தைத்துவிடலாம் போலிருந்தது.

இஞ்சின் மூடியைக் கழற்றினேன். வால்வுகளைத் தட்டும் டப்பட்டுகளின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரு நல்ல இஞ்சினை வேண்டுமென்றே கெடுக்கும்போது விரல் கூசுகிறது. டக் டக் டக். இன்னும் கொஞ்சம். ஐயா கண்ணை மூடிக் கேட்டு, “இதுதான், இதேதான்” என்றார். மாலையில் நானும் அவரோடு காரில் ஏறினேன்.

அப்புத்தளையைத் தாண்டியதும் பனிக்குள் போனோம். தேயிலைச் செடிகள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு மறைந்தன. கார் டக்டக்கென்று சொல்லிக்கொண்டே, ரோட்டை விட்டுப் பிரிந்து மலை ஏறியது. கடைசி முடக்கிலும் தேர்ட் கியரிலேயே அநாயாசமாக ஏறி வாசலில் நின்றது. ஜன்னல் திரை மெல்ல விலகியது, மறுபடி மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை.

ஐயா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். “சரி பிள்ளை, விடு. உன்னில பிழை இல்லை” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் அச்சு அசல் அதேதானே, என்ன குறை? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த மலையில் எங்கே சறுக்கினேன் என்று யோசித்தேன். அப்போதுதான் அவர் முதல் நாள் வெட்கப்பட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது.

“ஐயா, வண்டியைப் பின்னால கீழ விடுங்க. மறுபடி ஏறுவோம். முடக்குல ஃபர்ஸ்ட் கியர் போடுங்க.”

“இப்ப அது தேவையில்லையே. லேசா ஏறுதே.”

“இஞ்சினுக்குத் தேவையில்லீங்க ஐயா. அம்மாவுக்குத் தேவை.”

அவர் என்னைப் பார்த்தார். கார் பின்னால் வழிந்து பனிக்குள் இறங்கியது. மறுபடி ஏறினோம். முடக்கில் வேகத்தைக் குறைத்து, கிளச்சை மிதித்தார். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. மலை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. பிறகு கியர் பெட்டி ‘கரக்’ என்று கடித்தது. சும்மா இருந்த இஞ்சின் பெருங்குரலெடுத்து அலற, கார் ஒரு கிழவி படி ஏறுவது போல அடி அடியாய் மேலே வந்தது.

வாசலுக்கு வந்து சேரும் முன்பே கதவு திறந்திருந்தது. ஸ்வெட்டர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அம்மா படியில் நின்றிருந்தார்.

“இவ்வளவு நேரமும் எங்க போனனீங்கள்? தேத்தண்ணி ஆறுது” என்று ஐயாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஐயாவால் காரை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. அம்மா வந்து பானட்டில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“பாவம், ஏலாத கார். இப்பிடிப் போட்டு வதைக்கிறியள். நல்ல மெக்கானிக் ஆரிட்டையாவது காட்டுங்கோவன்.”

ஐயா என்னைப் பார்த்தார். என் வேலையை யாராவது குறை சொன்னால் நான் சும்மா விட்டதே இல்லை.

“ஆமாங்கம்மா” என்றேன். “காட்டச் சொல்றேன்.”