காளியாயிக்கு முன்னால்

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துவந்த நாகலெட்சுமிக்கு முப்பத்தோராவது வயதில் கழுத்து வீங்கத் தொடங்கியது. முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு கை நடுங்கியது. மலையில் மற்ற பெண்கள் கம்பளிக்குள் ஒடுங்கி நின்ற குளிரிலும் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. ஆறு மாதத்தில் அவள் பாதியாக மெலிந்துபோனாள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடி வந்தவளுடையதைப் போல அடித்துக்கொண்டது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாளைக்கு மூன்று. இரத்தம் சோதிக்கும் ஞானரட்ணம் ஐயா அவளை உட்கார வைத்து விளக்கிச் சொன்னார். அவரும் தோட்டத்தில் பிறந்து, பாதிரியார் பள்ளியில் படித்து மேலே வந்தவர். அதனால் லயத்து வரிசைவீட்டுச் சனத்துக்குப் புரிகிற மாதிரி பேசத் தெரிந்தவர்.

“இந்த மாத்திரை கழுத்தை அடக்கும்மா. ஆனா சில பேருக்கு, நோயை எதுத்து நிக்கிற சக்தி இருக்கே இரத்தத்தில, அதையும் சேர்த்து அழிச்சிரும். அதான் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் குடுக்கணும். நடுவுல தொண்டை வலிச்சு காய்ச்சல் வந்தா மாத்திரையை நிப்பாட்டிட்டு அன்னைக்கே ஓடியாரணும். வெளங்குதா?”

“வெளங்குதுங்க ஐயா” என்றாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி இரத்தம் கொடுக்க வந்த இடத்தில்தான் காளியாயி பழக்கமானாள். நோர்வூட் பக்கத்துத் தோட்டக்காரி. நாகலெட்சுமியைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கும் அதே வீக்கம், அதே மாத்திரை. சுவரோரத்து வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய கழுத்து வற்றியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். “ஒனக்கு எறங்கிருச்சு தங்கச்சி, எனக்குத்தான் பூசணிக்காய் மாதிரி அப்பிடியே நிக்குது” என்று காளியாயி சிரிப்பாள். கொண்டுவந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை நீட்டுவாள்.

1962இல் எல்லாம் தட்டுப்பாடாயிற்று. வெளிநாட்டிலிருந்து சாமான் இறக்குவதை அரசாங்கம் குறைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பஞ்சு இல்லை, ஊசி மழுங்கிப்போயிருந்தது. இரத்தத்தைக் கணக்கிடுகிற கண்ணாடித் தட்டில் கீறல் விழுந்தது. புதிய தட்டு வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அதன்பிறகு ஞானரட்ணம் ஐயா, உறையாமலிருக்க மருந்துத் தூள் போட்ட சின்னக் குப்பிகளில் இரத்தத்தை எடுத்துக் கண்டிக்கு ரயிலில் அனுப்பினார். போன குப்பிகளில் பாதி திரும்பி வருவதில்லை. ஒரு செவ்வாய் எட்டுக் குப்பி, அடுத்த முறை ஐந்து. வரிசையில் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் போனார்கள்.

நாகலெட்சுமி அப்படி இரண்டு தடவை திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் பேர் போயிற்று, அந்த நாள் சம்பளமும் போயிற்று. “இனிமே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு வந்து நின்னே, ஒன்னய வேற மலைக்குத்தான் போடுவேன்” என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கத்தினார். அதைவிடப் பயம் உள்ளுக்குள் இருந்தது. ஆறு கிழமையாக இரத்தம் பார்க்காமல் மாத்திரை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

ஆனி மாதத்து மழையோடு மூன்றாம் செவ்வாய் வந்தது. காளியாயிக்கு நாலாம் நம்பர் துண்டு, நாகலெட்சுமிக்கு ஐந்தாம் நம்பர். மூன்று பேர் உள்ளே போய் வந்தார்கள். அப்போது காளியாயி, “இந்தா வந்துர்றேன் தங்கச்சி” என்று எழுந்து, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். வாங்கில் இருந்தபடியே ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். தண்ணீரை அள்ளி, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். துப்பியபின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள்.

உள்ளேயிருந்து ஆஸ்பத்திரிப் பணியாள் எட்டிப்பார்த்து, நர்ஸிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். “எகய் தியென்னே” என்றாள் அவள். குப்பி ஒன்றுதான் இருக்கிறது. கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தோடு ஒட்டிய தோட்டத்தில் வளர்ந்தவள் நாகலெட்சுமி. அவளுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும்.

“நம்பர் நாலு!” என்று பணியாள் கூப்பிட்டான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

“நாலு இல்லையா? அப்ப அஞ்சு வா.”

நாகலெட்சுமி எழுந்து உள்ளே போய்க் கையை நீட்டினாள்.

அவள் வெளியே வந்தபோது காளியாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குப்பி தீர்ந்துவிட்டது, அடுத்த முறை வா என்று பணியாள் சொல்லிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்திருந்ததைக் காளியாயி பார்த்தாள். “ஒனக்காச்சும் கெடைச்சிச்சே” என்றாள். குரல் கரகரத்தது. மழைக்குக் கட்டிய தொண்டை என்று நாகலெட்சுமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் ஏறும் வரை அவள் காளியாயியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எட்டாம் நாள் தோட்டத்து மருந்துக்காரரிடம் கடுதாசி வந்தது. “ஒன் இரத்தம் சுத்தமா இருக்கு, ஒண்ணுக்கும் பயப்படாத” என்றார் அவர். அன்று இரவு புருஷன் வீரய்யாவுக்குக் கருவாடு பொரித்துப் போட்டாள். நன்றாகத் தூங்கினாள். அப்படி அவள் தூங்கிய கடைசி இரவு அதுதான்.

இரண்டு கிழமை கழித்து வந்த செவ்வாயில் காளியாயியின் இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், மடியில் ஒரு தகர டப்பா. அவராகவே பேசினார்.

“நோர்வூட்டுல இருந்து வாறேன். எம் பொஞ்சாதி இங்கதான் மருந்து எடுத்தா. மிச்ச மாத்திரை இருந்தா திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க, மத்தவங்களுக்கு ஆவுமாம்.”

“காளியாயி அக்காவுக்கு என்னாங்க?”

“போயிட்டாம்மா. தொண்டை வலின்னு ரெண்டு நாளு சொல்லவே இல்ல. அப்பறம் காய்ச்சல். மழைக்காலம்தானேன்னு கசாயம் வச்சுக் குடுத்தோம், மாத்திரையும் குடுத்துக்கிட்டே இருந்தேன். வாயெல்லாம் புண்ணாப் போயி, தண்ணி எறங்கல.” அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னைக்கு இரத்தம் எடுக்கலியாடின்னு கேட்டேன். நாந்தான் தண்ணிக்குப் போயி நம்பரை விட்டுட்டேன், எந் தப்புன்னா.”

அவர் பெயர் ஆண்டியப்பன். டப்பாவை மருந்து கொடுக்கிற ஜன்னலில் நீட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் நாகலெட்சுமியைக் கூப்பிட்டார்கள். மாத்திரை வந்து சேரவில்லை, இருப்பது இவ்வளவுதான் என்று சொல்லி, அதே டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அந்த மாத்திரைகளை அவள் விழுங்கினாள். ஒவ்வொன்றும் தொண்டையில் நின்று இறங்கியது. காலையில் லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் ஊரே நின்று வாய் கொப்பளிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அவள் குடத்தோடு திரும்பிவிடுவாள். எல்லாரும் பெரட்டுக்குப் போனபின் கடைசியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கமாட்டாள். திரும்பினால் அங்கே யார் இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

வீரய்யாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பீடியைக் கீழே வைத்துவிட்டு, “நீயா கொன்னே? குப்பி இல்லாதது ஒங் குத்தமா?” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அது அவளை ஆற்றவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நோர்வூட்டுக்குப் போனாள். தோட்டத்தை விசாரித்து, லயத்தைக் கண்டுபிடித்தாள். ஆண்டியப்பன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஆளை அடையாளம் கண்டு, “வாம்மா” என்று ஒரு மணையை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஒரே குப்பி என்று சிங்களத்தில் சொன்னது தனக்கு விளங்கியது, நாலாம் நம்பரைக் கூப்பிட்டபோது அக்கா குழாயடியில் நிற்பது தனக்குத் தெரிந்தது, கொப்பளித்ததையும் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள். “ஒரு சத்தம் குடுத்திருந்தா அக்கா ஓடியாந்திருக்கும் அண்ணே. நான் குடுக்கல.”

அவர் கோடரியைக் கீழே வைத்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எண்ணித்தான் அவள் வந்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

“ஒங்க இரத்தத்துக்கான பதில் எத்தனாம் நாளு வந்துச்சு?”

“எட்டாம் நாளுங்க.”

அவர் விரல் மடித்து எண்ணினார். ஒருமுறை எண்ணி, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

“அவ போனது ஒம்பதாம் நாளு சாயங்காலம்” என்றார். “அப்ப ஒரு நாளு இருந்திருக்கு.”

உள்ளேயிருந்து அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். காளியாயியின் அதே அகன்ற நெற்றி. நாகலெட்சுமி கோப்பையை வாங்கி, குடிக்க முடியாமல் மணையின்மேல் வைத்துவிட்டு வந்தாள். ஆண்டியப்பன் அவளைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

அடுத்த செவ்வாய் ஞானரட்ணம் ஐயாவிடம் கேட்டாள். “ஒரு நாளுக்கு முன்னால தெரிஞ்சிருந்தா அந்தக்கா பொழைச்சிருக்குமாங்க?”

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்ல முடியாதும்மா. ஒரு நாள்ல பொழைச்சவங்களும் உண்டு, பொழைக்காதவங்களும் உண்டு.” பிறகு தாழ்ந்த குரலில், “அன்னைக்கு அவங்களைத் திருப்பி அனுப்பினப்ப, தொண்டை எப்பிடி இருக்குன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கலியே” என்றார். அதன்பின் அவர் குப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கில் இருக்கிற ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

1964இல் நாகலெட்சுமியின் கழுத்து முழுதாக அடங்கிவிட்டது. சதை போட்டாள், கை நடுக்கம் நின்றது. பெரிய டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். மாத்திரை இனி வேண்டாம், இரத்தமும் கொடுக்க வேண்டியதில்லை, இனிமேல் வராதே என்றார். மற்றவர்களாக இருந்தால் காலில் விழுந்திருப்பார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தாள். நம்பர் நம்பராக ஆட்கள் உள்ளே போய் வந்தார்கள். பகல் ரயில் போயிற்று. வாசலைக் கூட்ட வந்தவன் யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டபோதுதான் எழுந்தாள்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில் கூடையோடு போய் நின்றாள். கண்டாக்கு பேரைக் கூப்பிட்டார். அவள் காதில் ‘நம்பர் நாலு’ என்றுதான் விழுந்தது. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.